களக்காட்டு அத்தையும் வெந்நீர்ப் பெட்டியும்

எலியேசர் வாயில் 'முடியாது' என்ற சொல் வந்ததே கிடையாது. பாளையங்கோட்டையில் ஓடாமல் நின்ற குளிர்பெட்டி எதுவானாலும், "அதுக்கென்ன, பாத்துருவோம்" என்றுதான் பிரிக்க உட்காருவான். பிரித்ததைப் பூட்டி முடித்தால் கையில் இரண்டு திருகாணி மிஞ்சும். ஆனால் பெட்டி ஓடும். அந்தத் துணிச்சலில்தான் தொண்ணூற்றாறாம் வருஷம் மே மாதம், நல்ல கத்திரி வெயிலில், சொந்த மாமியாரிடமே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

அவன் மனைவி கிரேஸுக்குத் தலைப்பிரசவம். வழக்கப்படி தாய் வீட்டுக்குக் கூட்டிப் போனால், பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம்தான் திருப்பி அனுப்புவார்கள். கூட்டிப் போக அவள் அம்மா டெபோரா களக்காட்டிலிருந்து வந்து உட்கார்ந்துவிட்டாள். எலியேசருக்கோ கிரேஸ் இல்லாமல் ஒரு நாள் இருப்புக்கொள்ளாது. பெற்ற பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவதெல்லாம் ஒரு பிழைப்பா?

"பெத்தவளுக்கும் பிள்ளைக்கும் வேளாவேளைக்கு வெந்நி வேணும் மாப்ளே. களக்காட்டுல வெறகடுப்பு இருக்கு. இங்கன என்ன இருக்கு?" என்றாள் டெபோரா.

"விஜயஸ்ரீ டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு வெந்நி மிஷினு வந்திருக்கு அத்தை. நாந்தான் மாட்டுதேன். கொழாயத் தொறந்தா வெந்நி. பெத்து முடிஞ்சி பத்து நாளும் இவ அங்கன இருக்கட்டும். பெறவு வீட்டுல நானே வெந்நி போட்டுக் குடுக்கேன்."

டெபோரா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு வாரம் நானே போயிருந்து பாப்பேன். சரியில்லைன்னா சனிக்கெழம கார் வந்துரும். பெறவு ஒரு பேச்சு பேசக் கூடாது." எலியேசர் சரி என்று தலையாட்டிவிட்டான். கிரேஸ் அடுக்களையில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மிஷினை டாக்டரம்மாவின் தம்பி ஜெர்மனியிலிருந்து அனுப்பியிருந்தார். முகப்பில் பெரிய காற்றாடி வைத்த இரும்புப் பெட்டி. வெளியில் நிற்க வேண்டியது. கூட வந்த புத்தகம் முழுக்க ஜெர்மன். எலியேசர் படத்தை மட்டும் பார்த்து வேலையை முடித்தான். லாரியில் படுத்து வந்த பெட்டி என்று ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்து, உள்ளே எண்ணெய் இறங்கட்டும் என்று காத்திருந்தான். பின்முற்றத்து வேப்பமரத்தடியில் சிமெண்டு மேடை போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து அதன் மேல் ஏற்றினான். பெட்டிக்கு முன்னால் சுவரை வரைந்து பெருக்கல் குறி போட்ட படம் ஒன்று இருந்தது. அதனால் முன்பக்கம் ஆறடிக்கு ஒன்றும் இல்லாமல் விட்டான். தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் இழுத்து, இணைப்புகளில் ஒழுகாமல் கயிறு சுற்றி, குழாயில் கிடந்த காற்று புஸ்புஸ்ஸென்று போய்த் தண்ணீர் ஒரே சீராக வரும்வரை திறந்துவிட்டு, கரண்டு கட்டுப்படுத்துகிற பெட்டியும் மாட்டி, ஏசப்பா என்று சுவிட்சைப் போட்டான்.

காற்றாடி சுற்றியது. எதிரே போய் நின்ற வாட்ச்மேன் மாடக்கண்ணு துள்ளிக் குதித்தார்.

"வே எலியேசரு! வெந்நி போடுத மிஷினுன்னீரு, இது குளுரால்லா அடிக்கி! கூறுகெட்டுத் தலகீழா மாட்டிட்டீரா?"

"இல்ல அண்ணாச்சி. காத்துல கெடக்க சூட்ட உறிஞ்சித் தண்ணிக்குள்ள விடுது. சூடு போன காத்து குளுந்துதான வரும்? நம்மூர்ல சூட்டுக்கா பஞ்சம்!"

இரண்டு மணி நேரத்தில் குழாயில் கை வைக்க முடியாத வெந்நீர் வந்தது. டாக்டரம்மாவே கைதட்டிவிட்டாள். எலியேசர் அன்றைக்கு சைக்கிளில் வீட்டுக்குப் போனானா, பறந்து போனானா என்று அவனுக்கே தெரியாது. மிஞ்சிய இரண்டு திருகாணியையும் கிரேஸின் உள்ளங்கையில் வைத்து, "கவலைய விடு பிள்ளே" என்றான்.

செவ்வாய்க்கிழமை வந்தது வினை. ஆஸ்பத்திரியில் பகல் முழுக்க இருந்து பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்பிய டெபோரா, "அஞ்சு மணிக் குளியலுக்குத் தண்ணி வெதுவெதுன்னு கூட இல்ல மாப்ளே" என்றாள். எலியேசர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான். ஏழரை மணிக்குக் குழாயைத் திறந்தால் கொதிக்கிறது! புதனும் அதே கதை. வியாழனும் அதே கதை. காலையில் போனாலும் வெந்நீர், இருட்டிய பிறகு போனாலும் வெந்நீர், ஐந்து மணிக்கு மட்டும் பச்சைத் தண்ணீர். அவன் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினான். பெட்டியின் பின்பக்கத் தகடுகளுக்கு இடையே சிக்கிய வேப்பஞ்சருகை பிரஷ் வைத்துத் தள்ளினான். மிஞ்சிய திருகாணிகளால் வந்த வினையோ என்று கிரேஸிடமிருந்து வாங்கி, எங்கே போடுவது என்று தெரியாமல் எங்கெங்கோ போட்டுப் பார்த்தான். வெள்ளிக்கிழமை டெபோரா கிரேஸின் சேலைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். அதைப் பார்த்த எலியேசர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அழுதுராதீங்க. அஞ்சு மாசந்தான?" என்ற கிரேஸ்தான் முதலில் அழுதாள்.

சனிக்கிழமை இரண்டரை மணிக்குக் கார் வந்து வாசலில் நின்றது. டெபோராவைக் காணோம். 'கடைசியா ஒரு தடவை பாத்துட்டு வாரேன்' என்று பதினொரு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனவள். டிரைவர் ஹாரன் அடிக்கத் தொடங்க, எலியேசர் மாமியாரைக் கூட்டிவரப் போனான். அந்த வாரத்தில் அவன் உச்சி வெயில் நேரத்தில் அங்கே போவது அதுதான் முதல் தடவை.

வார்டில் அவள் இல்லை. வாசலில் மாடக்கண்ணுவும் இல்லை. பின்முற்றத்துக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் மிஷினைக் காணவில்லை! அது நின்ற இடத்தில் ஒரு கூடாரம் இருந்தது. மூன்று பக்கமும் கோரைப்பாய், மேலே தார்ப்பாய், நான்காம் பக்கம் போர்வை. உள்ளேயிருந்து குறட்டை கேட்டது.

போர்வையை விலக்கினான். குளிர் முகத்தில் அடித்தது. பிரசவத்துக்குப் பெண்டாட்டியைச் சேர்த்துவிட்டுக் காத்திருந்த நான்கு ஆண்கள் வரிசையாகத் தூங்கினார்கள். ஓரத்தில் மாடக்கண்ணு. நடுநாயகமாக, டாக்டரம்மாவின் சாய்வு நாற்காலியில், கழுத்துவரை சேலையைப் போர்த்திக்கொண்டு, காற்றாடிக்கு நேர் எதிரே அவன் மாமியார்.

பெட்டியின் பின்பக்கத் தகடு முழுக்க வெள்ளை வெளேரென்று பனி கட்டியிருந்தது. மே மாதம், பாளையங்கோட்டையில், பனி! எலியேசர் அதை விரலால் சுரண்டிப் பார்த்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அத்தை!"

டெபோரா விழித்தாள். "சத்தம் போடாதீங்க மாப்ளே, பாவம், தூங்குதாவல்லா."

"இந்தப் பாயெல்லாம் யாரு கட்டுனது?"

"நாந்தான் கட்டச் சொன்னேன். இம்புட்டுக் குளுந்த காத்து வீணா வெளிய போவுதேன்னு மனசு கேக்கல. அஞ்சு மணிக்கு டாக்டரம்மா வருமுன்ன இவரு அவுத்துச் சுருட்டி வச்சிருவாரு."

மாடக்கண்ணு எழுந்து, யாரும் கேட்காமலே பாயைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்.

"ஐயோ அத்தை! சூடு இருக்க காத்து உள்ள வந்தாத்தான தண்ணிக்குச் சூடு கெடைக்கும்? வெளிய போன குளுந்த காத்தையே மறிச்சி திரும்பத் திரும்ப அதுக்கே குடுத்தா, அது எங்க போயி வெந்நி போடும்? நாலு நாளா வெந்நியக் கெடுத்தது நீங்கதான்!"

டெபோரா பனியைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள். களக்காட்டில் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள் எழுந்து, மாடக்கண்ணு சுருட்டிய பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் கூடாரம் போனது, சிறிது நேரத்தில் பனியும் உருகி வடிந்தது. ஐந்து மணிக் குளியலுக்கு நர்ஸ் வாளியோடு வரும்போது டெபோரா முந்திக்கொண்டு குழாயில் கையை நீட்டி, "ஆத்தாடி!" என்று இழுத்துக்கொண்டாள். கை சிவந்துவிட்டது. அதை முந்தானையில் துடைத்தபடி, "கார அனுப்பிருங்க மாப்ளே" என்றாள். எலியேசர் அவள் காலில் விழாத குறை.

அதற்கு ஒன்பதாம் நாள் அதே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. குழாய் வெந்நீரில் குளிப்பாட்டி, துணியில் சுற்றிக் கொண்டுவந்து டெபோராதான் அவன் கையில் கொடுத்தாள். எலியேசருக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த முகத்தையா பஸ் ஏறிப் போய்ப் பார்க்க இருந்தோம் என்று நினைத்துக்கொண்டான்.

"மாப்ளே, நான் ஒண்ணு நெனச்சிருக்கேன். அஞ்சு மாசமும் நானும் இங்கனயே உங்க வீட்டுல இருந்துருதேன். வெயிலு மட்டுந்தான் தாங்கல. நம்ம வீட்டுப் பின்னாலயும் இப்படி ஒரு மிஷினு மாட்ட முடியுமா?"

கட்டிலில் கிடந்த கிரேஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எலியேசர் மகளை நன்றாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, "முடியாது அத்தை" என்றான்.