முதல் உளி

திருமுருகன்பூண்டிக்கு டவுன் பஸ் ஏறும்போதே சீனிச்சாமி விஷயத்தைச் சொல்லிவிட்டார். அம்மன் சிலைக்கு முதல் உளியைத் தன் மருமகள் அடிக்கட்டும் என்றார். அம்மன் காரியம், சுமங்கலி கை பட்டால் நல்லது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருமகள் முன் சீட்டில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முன்பே முடிவாகியிருக்கிறது.

சித்ரகலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேலம்பாளையத்தில் அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு வேப்பமரம். அதன் அடியில் நட்ட சூலமும் மஞ்சள் பூசிய செங்கல்லும்தான் இத்தனை காலம் மாரியம்மன். கல்லில் ஒரு அம்மன் வேண்டும் என்று பேச்சு வந்தபோது தட்டேந்தி வீடு வீடாக ஏறி இறங்கியவள் சித்ரகலா. மற்ற நாளில் திருநங்கை வருகிறாள் என்று குழந்தையை உள்ளே இழுத்துக்கொள்கிறவர்கள், அம்மன் பேரைச் சொன்னதும் காணிக்கை போட்டுத் தலையைக் குனிந்து திருநீறு வாங்கிக்கொண்டார்கள். சிலைக்கு ஏற்பாடு செய்கிறவர் கையால்தான் கல்லில் முதல் அடி விழ வேண்டும் என்பது பட்டறை வழக்கம். அது தன் கைதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

"சாமியே வேடன் வேசத்துல வழிப்பறி பண்ணுன ஊருக்குத்தான போறோம்," என்றாள் பக்கத்து வீட்டு வேலாத்தாள், யாரையும் பார்க்காமல். "மனுசன் பண்ணுனா என்னங்க."

சீனிச்சாமி கேட்காத மாதிரி இருந்தார். காலனிச் சங்கத்துத் தலைவர் அவர். சின்னவர்களை எல்லாம் கண்ணு என்று கூப்பிடுகிறவர், சித்ரகலாவை மட்டும் எந்தச் சொல்லாலும் கூப்பிட்டதில்லை.

கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பட்டறைக்கு நடந்தார்கள். காது இல்லாத நந்திகள், கண் திறக்காத துவாரபாலகர்கள். எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. பட்டறைக்காரர் தண்டாயுதபாணி கல் அறுக்கும் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார். அம்மன் நிற்கிறதா, உட்கார்ந்திருக்கிறதா, எத்தனை உயரம் என்று விசாரித்தார். பிறகு சுத்தியலை எடுத்துக் கற்களைத் தட்டிக் காட்டினார். ஒன்று கோயில் மணியைப் போல ஒலித்தது. அது ஆண் தெய்வத்துக்கு. இன்னொன்று தாளம் தட்டியதுபோல் ஒலித்தது. அம்மனுக்கு இதுதான் என்றார். சீனிச்சாமி மருமகளைக் கை கழுவி வரச் சொன்னார்.

சித்ரகலா சுவரோரம் கிடந்த வேறொரு கல்லின் முன்னால் நின்றிருந்தாள். கருங்கல். மேலே சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி.

"இது எதுக்குங்க?"

"அதுங்களா. பீடத்துக்கு, படிக்குப் போடறதுங்க. சாமிக்கு ஆகாது."

ஏன் என்று கேட்டாள். தண்டாயுதபாணி பதில் சொல்ல வாயெடுத்தவர் அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பதிலுக்குச் சுத்தியலால் கல்லைத் தட்டினார். டொக்கென்றது, அவ்வளவுதான்.

"ஆணோடவும் சேராது, பெண்ணோடவும் சேராதுங்க. தொழில்ல அதுக்கொரு பேரு இருக்குது."

"சொல்லுங்க. கேட்டுப் பழகுன பேருதானுங்க."

அவர் சுத்தியல் பிடியில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தார்.

சித்ரகலாவுக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. பனியனை உள்ளும் புறமும் திருப்பி டியூப்லைட் வெளிச்சத்தில் பார்ப்பாள். ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். குறை காட்ட முடியாத பீஸில் ஸ்டிக்கர் ஒட்டினால் சூப்பர்வைசர் சும்மா விடமாட்டார். அந்தக் கல்லையும் அப்படித்தான் பார்த்தாள். சுற்றி வந்தாள், குனிந்தாள், அடிப்பக்கம் வரை உள்ளங்கையால் தடவினாள். விரிசல் இல்லை. வெள்ளை ரேகை இல்லை.

"டேமேஜ் எங்கீங்க?"

"டேமேஜ் இல்லீங்க. கெட்டிக் கல்லுதான். சத்தந்தான் இல்ல."

"அப்ப இது ரிஜெக்ட் இல்லீங்க. அம்மன இதுலயே செய்யுங்க."

சீனிச்சாமி இரண்டே எட்டில் வந்துவிட்டார். காலனிக்கு நோய் வரும் என்றார், மழை பொய்க்கும் என்றார், ஊர் கேட்டால் தான் என்ன பதில் சொல்வது என்றார். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் வேலாத்தாள் நுழைந்தாள்.

"இத்தன வருசமா செங்கல்லக் கும்புட்டமே, தட்டிப் பாத்துட்டாங்க கும்புட்டோம்?"

தண்டாயுதபாணி மட்டும் நிதானமாகப் பேசினார். பெரிய கோயில் என்றால் ஸ்தபதி தட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார். வேப்பமரத்தடிக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. ஆனால் இந்தக் கல்லில் அவர் இதுவரை முகம் செதுக்கியதில்லை. உளி எப்படி ஓடும் என்று தெரியாது. பாதியில் பிளந்தாலும் பிளக்கும். பிளந்தால் பட்டறை இன்னொன்று செய்து தராது.

"காலனிக்கு நீங்கதான் பதில் சொல்லோணும், அம்மணி."

தட்டேந்தி நின்ற வாசல்கள் சித்ரகலாவுக்கு நினைவு வந்தன. பிளந்தால் அத்தனை வாசலிலும் ஒரே பேச்சுதான் இருக்கும். அவள் கை பட்டதால் என்பார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். காலி செய்வது அவளுக்குப் புதிதில்லை.

"எம்மேல சொல்லட்டுமுங்க. இப்ப மட்டும் சொல்லாமயா இருக்கறாங்க."

"எம் மருமக கை இந்தக் கல்லுல படாது," என்றார் சீனிச்சாமி.

"வேண்டாமுங்கண்ணா."

முதல் உளியைத் தன் வாயாலேயே விட்டுக்கொடுத்துவிட்டது அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வேலாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சங்கத்து ஆட்களிடம் பேசிவிட்டு வருகிறேன், அதுவரை யாரும் எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் போனோடு வாசலுக்குப் போனார். மருமகள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

சித்ரகலா செருப்பைக் கழற்றினாள். உளிக்குக் கை நீட்டினாள்.

தண்டாயுதபாணி வாசலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கல்லின் நடுவே காவிக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, சூடம் ஏற்றி, உளியையும் சுத்தியலையும் கொடுத்தார். சாஸ்திரத்துக்கு ஓர் அடி, லேசாகப் பட்டால் போதும் என்றார்.

அவள் அடித்தாள். கல் டொக்கென்றது, அவ்வளவுதான். ஒரு சில்லு தெறித்து மோவாயில் பட்டது. தண்டாயுதபாணி சுத்தியலை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. உளியை இடம் மாற்றி வைத்து மறுபடி அடித்தாள், முன்னைவிடப் பலமாக.

சீனிச்சாமி போனைக் காதிலிருந்து எடுத்துத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்க்கும்படி இன்னொன்று அடித்தாள்.