காக்கைச் சோறு

மேல்சித்தாமூரில் பிறந்து, செஞ்சி பஜார் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட ஜைனப் பெண் நீலாவதி. காலையில் நாயோடு கோட்டைப் பக்கம் நடக்கும்போது எறும்புப் புற்றுக்கு நொய் தூவுவாள். மல்லாந்து கிடக்கும் வண்டைத் திருப்பி விடுவாள். நாய்க்கு டைகர் என்று பெயர், கோழிக்குக்கூட வழிவிடும்.

அன்று அமாவாசை. வேர்க்கடலை பூத்திருந்த மல்லாட்டைக் கொல்லை வரப்பில் சோற்று உருண்டைகள் கிடந்தன. மோந்து பார்க்கப் போன டைகரை, "அது காக்காய்க்கு, உனுக்கு இல்ல" என்று அதட்டினாள். காக்கைக்குச் சோறு வைப்பது அவள் வீட்டு வழக்கமல்ல, அக்கம்பக்கத்தில் பார்த்ததுதான். தரையில் கிடந்தால் மிதிபடாதா? உருண்டைகள் குப்பென்று நாறின. பூண்டோ, என்ன கண்றாவியோ! மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுக்கி, இடிந்த மதில்மேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டும் விட்டாள்.

கொல்லைக்காரர் தாண்டவராயன் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னாம்மா, அத்த ஏன் தொட்டீங்க?"

"காக்கா சோறுதானே?"

"அமாவாசையில எவனாவது கருவாட்டுச் சோறு வெப்பானா? நரிக்கு எண்ட்ரின் மருந்து கலந்து வெச்சது! கைய வாயில கீயில வெச்சிடாதீங்க!"

அவர் தண்ணீருக்காகக் கிணற்றுப் பக்கம் ஓடினார். நீலாவதி தன் கைகளைப் பார்த்தாள். கருவாடு எப்படி நாறும் என்று அவளுக்கு எங்கே தெரியும்? தன் கையாலேயே விஷத்தைப் பரிமாறி, விருந்துக்கும் அழைத்திருக்கிறாள்.

டைகர் வழக்கம்போல் அவள் விரலை நக்க எம்பியது.

"போ!"

வாலை ஆட்டிக்கொண்டு மறுபடி வந்தது. உதைத்தாள். விளையாட்டென்று நினைத்ததோ என்னவோ, திரும்பவும் வந்தது. இம்முறை விலாவில் ஓங்கி உதைத்தாள். வீலென்று கத்திக்கொண்டு ஓடியது.

அதற்குள் மதில்மேல் காக்கைகள் இறங்கிவிட்டன. கையில் கிடைத்த கல்லையெல்லாம் வீசினாள். ஒன்றின் இறக்கையில் பட்டது. அது நொண்டியபடி பறந்து போனது. வெறிபிடித்தவளைப் போல வீசிக்கொண்டே இருந்தாள்.

தாண்டவராயன் வாளியோடு வந்து பார்த்தார். "எதுவும் கொத்தலம்மா. எல்லாம் முழுசாத்தான் இருக்குது."

மண்ணைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தூரத்துப் பாறையருகே டைகர் நின்றுகொண்டிருந்தது. நீலாவதி உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"மருந்தெல்லாம் போயிடுச்சிடா. வாடா கண்ணு."

டைகர் அந்தக் கைகளைப் பார்த்து, வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கியது.