இருநூற்று முப்பத்தோராம் பக்கம்

லைன் கிடைக்கவில்லை. மோடம் இரண்டு தடவை கீச்சென்று இழுத்துவிட்டு அடங்கிப்போனது. விஜயஸ்ரீ கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாத திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பைய வரும், இருங்கக்கா. பொழுதடைஞ்சா எல்லாவனும் போனைத் தூக்கிருதான்," என்றார் சேக் முகம்மது. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியில் அவர் நடத்தும் பிரவுசிங் சென்டர் அது. அவளுக்கென்று ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டரை ஒதுக்கி வைத்திருப்பார். சினிமா நடிகர்களின் படங்களைப் பார்க்க வரும் கல்லூரிப் பையன்கள் நடுவே, வண்ணாரப்பேட்டை லாரி ஆபீஸில் நாள் பூராவும் சரக்குச் சீட்டு எழுதிவிட்டு வருகிற ஒரு பொம்பளை உட்கார்ந்து தமிழில் தட்டிக்கொண்டிருப்பது அவருக்கு முதலில் விநோதமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. வந்தால் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்.

அவள் தட்டிக்கொண்டிருந்தது பொருநைக் களஞ்சியத்துக்காக. தாமிரபரணிக் கரையைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று உலகத்தின் நாலு மூலையிலும் கிடந்த நெல்லைக்காரர்கள் சிலர் ஒன்றுகூடி இணையத்தில் ஆரம்பித்த கலைக்களஞ்சியம். சிங்கப்பூரில் இருக்கும் ஸ்ரீவத்ஸன் அதைப் பராமரித்தான். ஒரே ஒரு விதிதான் கறாரானது. எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் அடியில் ஆதாரம் இருக்க வேண்டும். புத்தகத்தின் பெயர், ஆண்டு, பக்கம். மஸ்கட்டிலும் நியூஜெர்சியிலும் இருப்பவர்களுக்கு ஊர் நினைவு இருந்தது, புத்தகம் இல்லை. அதனால் அவர்கள் விஜயஸ்ரீக்கு எழுதினார்கள். 'அக்கா, எங்கள் ஊர்த் தெப்பக்குளம் வெட்டிய வருஷம் எதிலாவது இருக்கிறதா?' 'மேடம், கீழ்க்கண்ட நாலு வரிக்கும் ஆதாரம் பார்த்துச் சொல்லவும்.' சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அவள் நூலகத்துக்குப் போய்த் தூசியில் தும்மிக்கொண்டே தேடுவாள். கிடைத்தால் ஒரு நன்றி வரும். கிடைக்காவிட்டால் மறுபடியும் கேட்டு ஒரு கடிதம் வரும்.

"ஒனக்கு யாரு குடுத்த வேல இது?" என்று சுந்தர் ஒருநாள் கேட்டான். அவள் புருஷன், தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். சனிக்கிழமை அவன் வந்து இறங்கும்போது வீடு பூட்டிக் கிடக்கிறதே என்று கேட்டான். யோசித்துப் பார்த்தாள். யாரும் கொடுக்கவில்லை. ஒரு தடவை ஒருவருக்குப் பார்த்துச் சொன்னாள், அவ்வளவுதான். அப்புறம் அது அவள் வேலை ஆகிவிட்டது.

லைன் கிடைத்தபோது மாதுரியின் கடிதம் இருந்தது. சென்னையில் ஆராய்ச்சி செய்கிற பெண். சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். தண்ணீருக்காகச் சண்டை போட்ட பெண்களைப் பற்றி எழுதுகிறாள். களஞ்சியத்தில் செம்பாறை மடையைப் பற்றிய பதிவைப் படித்து, அதில் வரும் பேச்சியை வைத்து ஒரு அத்தியாயமே எழுதி முடித்திருந்தாள். கடைமடை வயலெல்லாம் கருகிக்கொண்டிருந்த ஒரு வருஷத்தில், பண்ணைக்காரர்களின் காவலை மீறி விடியுமுன் மடைப்பலகையைத் தூக்கிவிட்டு, அதற்காகச் சிறைக்குப் போன பேச்சி. அவள் திறந்துவிட்ட பிறகுதான் வெள்ளிக்கிழமைத் தண்ணீர் கடைமடைக்கு என்ற முறையே வந்ததாம். பதிவுக்குக் கீழே ஒரு பழைய பாசன அறிக்கையின் பெயரும் பக்கம் 231 என்றும் இருந்தது. 'ஆய்வு வழிகாட்டி அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்கிறார் அக்கா. இங்கே எங்கேயும் அந்த அறிக்கை கிடைக்கவில்லை. உங்களால் ஜெராக்ஸ் எடுத்து அனுப்ப முடியுமா? மார்கழிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.'

பதிவை எழுதியவர் அம்பாசமுத்திரம் தில்லைநாயகம். களஞ்சியத்தின் தூண் என்று ஸ்ரீவத்ஸன் அவரைச் சொல்லுவான். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவர். கால்வாய், மடை, படித்துறை எதைப் பற்றியும் அவர் எழுதியது இருக்கும். தாளில் முத்துமுத்தாக எழுதித் தபாலில் அனுப்புவார். விஜயஸ்ரீதான் தட்டி ஏற்றுவாள். அவர் பதிவுகளுக்கு மட்டும் அவள் ஆதாரம் தேட வேண்டியதே வந்ததில்லை. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு தவிர, எல்லாம் பக்க எண்ணோடு வரும். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர் தாள்கள் வந்தால் அவளுக்கு உடம்பு கொஞ்சம் லேசாகும்.

சனிக்கிழமை நூலகத்தில் அந்த அறிக்கை அகப்பட்டது. அட்டை போய்ச் சணல் கட்டி வைத்திருந்தார்கள். நூற்றுத் தொண்ணூறு பக்கங்களுக்குள் அது முடிந்துவிட்டது. பின்னால் கிழிந்திருக்குமோ என்று பார்த்தாள். கிழியவில்லை, கடைசிப் பக்கத்தில் முற்றும் என்றே போட்டிருந்தது. செம்பாறை மடை என்ற பெயரே எங்கும் இல்லை. அவருடைய இன்னும் சில பதிவுகளை எடுத்துச் சரிபார்த்தாள். ஒன்று சரியாக இருந்தது. ஒன்றில் புத்தகம் இருந்தது, செய்தி இல்லை. மற்ற இரண்டிலும் அப்படி ஒரு புத்தகம் இருந்ததாக நூலகருக்கே தெரியவில்லை.  கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். தூக்கம்தான் வந்தது.

மறுநாள் அம்பாசமுத்திரம் பஸ் ஏறினாள். அவரை அதுவரை நேரில் பார்த்ததில்லை. மெலிந்த மனிதர், தோளில் துண்டு, சட்டைப் பையில் இன்னமும் சிவப்பு மையுள்ள பேனா. "வா தாயி, வா" என்று அவர் பட்ட சந்தோஷத்தைப் பார்த்தபோது, வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிவிடலாமா என்று இருந்தது. அவர் மனைவி சொர்ணாம்பாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். "ஒங்களப் பத்தித்தான் பேச்சு எந்நேரமும். விஜயஸ்ரீ ஏத்திட்டா, விஜயஸ்ரீ ஏத்திட்டான்னு."

காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் கேட்டாள். "அண்ணாச்சி, செம்பாறை மடைக்கு ஒரு பாசன அறிக்கை போட்டிருந்தியள்லா. அது ஒங்ககிட்ட இருக்கா?"

"எரவல் போயிருக்கே."

"பாளையங்கோட்டையில பாத்துட்டேன் அண்ணாச்சி. அந்தப் புஸ்தகத்துல அத்தனை பக்கமே கெடையாது."

டம்ளரை எடுக்கக் குனிந்த சொர்ணாம்பாள் அப்படியே நின்றாள். தில்லைநாயகம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மொதல்ல நான் என்ன எழுதி அனுப்புனேன்? ஞாபகம் இருக்கா ஒனக்கு? மடை தொறந்து அடைக்கிற கொம்பையா சொன்னதுன்னுதான் எழுதுனேன். வாய்ச்சொல் போதாது, அச்சுல வந்த ஆதாரம் வேணும்னு நீதான் எழுதுன. கேட்ட, குடுத்தேன்."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். அது போல எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறாள்.

"அதுக்காவ இல்லாத பக்கத்தைக் குடுக்கலாமா?"

"முப்பது வருசம் அச்சாபீஸ்ல உக்காந்தவன் நான். அச்சுல வாரது எப்படி வருதுன்னு எனக்குல்லா தெரியும்! எவனோ சொன்னதை எவனோ எழுதிக்கிட்டு வருவான். நான் ஒத்தெழுத்து ஏதும் விட்டுருக்கான்னு பாத்துக் குடுப்பேன். மறுநாள் மையி காய்ஞ்சதும் அது ஆதாரம். கொம்பையா சொன்னா மட்டும் ஆவாது."

அவர் சொல்வதில் பாதி சரி என்று அவளுக்குப் பட்டது. ஆனால் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மாதுரிக்கு எதை அனுப்புவது?

"ஒரு பிள்ளை அதை நம்பி எழுதிருக்கா அண்ணாச்சி. மெட்ராஸ்ல. அவ சார் பக்கத்தக் காட்டுங்காராம். காட்டலன்னா அவ படிப்பே போயிரும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.  "அதையெல்லாம் யாரு படிக்கப் போறான்னுதான் இருந்தேன்."

"எதெதுக்கு இப்படிப் போட்டிருக்கியன்னு மட்டும் சொல்லுங்க. நான் சரி பண்ணிக்கிடுதேன்."

அவர் விரலை மடக்கி எதையோ எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டார். "எது பாத்துப் போட்டது, எது நானா போட்டதுன்னு இப்பம் எனக்கே பிடிபடலம்மா," என்றார்.

சொர்ணாம்பாள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அங்கிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தமோ, கழுவும் சத்தமோ கேட்கவில்லை.

வாசல் வரை வந்தவர், "என் பேரை எடுத்துருவாகளோ?" என்று கேட்டார்.

"நான் எழுதித்தான் ஆவணும் அண்ணாச்சி. ஒங்களுக்கு நான் எழுதுனதையும் சேத்துத்தான் எழுதுவேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சேரன்மகாதேவி வரைக்கும் வயல்கள் உழுது போட்டுக் கிடந்தன. கண்ணை மூடினால் அவர் தாள்கள்தான் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் அவள் விரல்தான் தட்டி ஏற்றியிருக்கிறது. அத்தனையையும் இனி ஒவ்வொரு சனிக்கிழமையாகத் தேட வேண்டும். எந்த வரியைத் தொட்டாலும் அது நிற்குமோ விழுமோ என்று தெரியாமல் தேட வேண்டும்.

ஸ்ரீவத்ஸனின் பதில் உடனே வந்தது. தில்லைநாயகம் எழுதியது முழுவதையும் நீக்கிவிடலாம், வேறு வழியில்லை. ஒன்று பொய் என்றால் மற்றதை யார் நம்புவார்கள் என்று கேட்டிருந்தான். நியாயமான கேள்வி. மஸ்கட்காரரும் அதையே சொன்னார். விஜயஸ்ரீ, எல்லாவற்றின் தலையிலும் 'ஆதாரம் சரிபார்க்கப்படவில்லை' என்று போட்டு வையுங்கள், நான் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தருகிறேன் என்று எழுதினாள். எழுதி அனுப்பிய கையோடு எதற்காக அப்படி எழுதினோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. மாதுரிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். அவளிடமிருந்து பதிலே இல்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட பிறகு, ஒரு மத்தியானம் லாரி ஆபீஸுக்கு மாதுரி போன் செய்தாள். நேரே கேட்டாள். "அக்கா, அந்தக் கொம்பையா இருக்காரா? உயிரோட?"

"இருக்காருன்னுதான் நினைக்கேன்."

"நேர்ல போய்ப் பேசி, டேப்ல பதிவு பண்ணிட்டு வந்தா ஏத்துக்கறேன்னு சார் சொல்றார். யார், எந்த ஊர், எப்போ சொன்னார்னு எல்லாம் இருக்கணுமாம். நீங்க கூட வர்றீங்களா?"

அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் தில்லைநாயகம் குடையோடு நின்றார். வருகிற நாளைச் சொல்லி விஜயஸ்ரீ ஒரு தபால் கார்டு போட்டிருந்தாள். வருவார் என்று நினைக்கவில்லை. மாதுரி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்கதானா?" என்றாள். "நான்தாம்மா" என்றார் அவர்.  அவர் குடையை அவளிடம் நீட்டினார். அவள் கொஞ்சம் தயங்கி வாங்கிக்கொண்டாள்.

செம்பாறை மடைக்குக் கால்வாய்க் கரையோடு நடந்து போனார்கள். மழை விட்டிருந்தது. பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டிருந்ததால் கால்வாய் நிறைந்து செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கொம்பையா மடைக் கல்லின்மேல் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டார். மாதுரி டேப் ரெக்கார்டரைக் கல்லின்மேல் வைத்துப் பொத்தானை அமுக்கி, பேச்சியைப் பற்றிச் சொல்லச் சொன்னாள்.

"பேச்சியா? பேச்சி அவ அக்காள்லா. மடையத் தொறந்தவ மாடத்தி."

தில்லைநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏ கொம்பையா, அன்னைக்கு எங்கிட்ட பேச்சின்னுதானவே சொன்ன?"

"சொல்லிருப்பேன் அண்ணாச்சி. பேச்சி வீடுன்னாத்தான ஊருல தெரியும். நீங்க வீட்டக் கேக்கியளா, ஆளக் கேக்கியளான்னு நான் என்னத்தக் கண்டேன்?"

விஜயஸ்ரீக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, அடக்கிக்கொண்டாள். மாதுரி சிரிக்கவில்லை. "சிறைக்குப் போனது மாடத்தியா?" என்றாள்.

"செயிலுக்கா? யாரு சொன்னா? அவ செயிலுக்கெல்லாம் போவல. மடையத் தொறந்துவிட்டுட்டு, தண்ணி போயிச் சேருத மட்டும் இங்கனயே, இந்தக் கல்லுமேல உக்காந்திருந்தா. ஒருத்தனும் கிட்ட வரல. அப்பறம் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டா."

தில்லைநாயகம் கால்வாயைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சிறை எங்கிருந்து வந்தது என்று விஜயஸ்ரீ கேட்கவில்லை. மாதுரியும் கேட்கவில்லை. அவளுடைய அத்தியாயத்தில் பாதி அந்தச் சிறையில்தான் நடந்தது.  அவள் ஒரு தாளை எடுத்து, வழிகாட்டி எழுதிக் கொடுத்திருந்த கேள்விகளில் அடுத்ததை வாசித்தாள்.

"இதை உங்களுக்கு யார் சொன்னாங்க ஐயா?"

"எனக்கா?"

"ஆமா. நீங்க பிறக்கறதுக்கு முன்னாடி நடந்தது, நீங்க பார்த்திருக்க முடியாதில்லையா. யாராவது சொல்லித்தானே தெரியும்?"

கொம்பையா தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இதுவரை யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை போலிருந்தது. மடைப்பலகையின் இடுக்கு வழியாகத் தண்ணீர் நுரைத்து இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே யோசித்தார். தில்லைநாயகம் மெல்ல அருகே வந்து, கல்லின்மேல் இருந்த டேப் ரெக்கார்டர் நனையாமல் தன் துண்டை மடித்து அதற்கு அடியில் கொடுத்தார். கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. அதில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.