இது ஏன் வேண்டாம் என்றால்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு விதியைப் படித்துச் சிரித்ததில் பிறந்த கதை இது. நிரல் எழுதுவதற்கான கணினி மொழி ஒன்று. அதற்கு முதலாளி கிடையாது. ஊர் உலகமெல்லாம் சேர்ந்து சம்பளமில்லாமல் வளர்க்கிறார்கள். அதில் புது வசதி ஒன்று சேர்க்க வேண்டுமென்றால் முன்மொழிவு எழுத வேண்டும். அதோடு, முன்மொழிகிறவரே 'இது ஏன் வேண்டாம்' என்றும் ஒரு பகுதி எழுதியாக வேண்டும்.

2.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள்—

(வேண்டாம். பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன? அவள் ஜன்னலே திறப்பதில்லை.)

எல்லோரும் அவளை அரைப்புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் நிரலில் போட மறந்த அரைப்புள்ளிகளை வருடக்கணக்காகத் திருத்தி அனுப்பியதில் வந்த பட்டம். (இது பரவாயில்லை, இருக்கட்டும்.) இப்போதுதான் முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று கேட்கிறாள்: ஐந்து வரியில் எழுதுவதை ஒரே வரியில் முடிக்கும் வசதி. ஏற்றுக்கொண்டால், இது அவள் செய்தது என்று மொழியில் ஒன்று இருக்கும். அதற்காக ஏங்கினாள்.

3.

'ஏன் வேண்டாம்' பகுதியில் மற்றவர்கள் ஒப்புக்கு இரண்டு வரி கிறுக்குவார்கள். அவள் மூன்று பக்கம் எழுதினாள். எழுதுகிறவருக்கு நாலு வரி மிச்சம், படிக்கிறவர்களுக்கெல்லாம் தலைவலி என்றாள். ஒரு வசதியைக் குடிவைத்துவிட்டால் பிறகு காலி செய்ய முடியாது, அதை நம்பி எழுதிய நிரல்களெல்லாம் படுத்துவிடும் என்றாள். விவாதம் சூடுபிடித்தது. எதிர்த்தவர்கள் அத்தனை பேரும் அவளையே மேற்கோள் காட்டினார்கள்.

அவளுடைய அக்கா வக்கீல். சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எதிர்க்கட்சிக்கும் சேர்த்து நீயே வாதாடிட்டியேடி!"

"கேட்டாங்க, எழுதினேன்."

"கேட்டா? பேருக்கு ரெண்டு வரி எழுதிட்டு வர வேண்டியதுதானே!"

"அது பொய்யாயிடுமேக்கா."

(அக்காவை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் இந்தக் கதையில் பிழைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.)

4.

மொழியை வளர்ப்பவர்களின் ஓட்டு சரிபாதியாக நின்றது. இனி முடிவு ஒருங்கிணைப்பாளர் கையில். அவர் விவாதப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படியே கேட்டார்: "கடைசியா ஒண்ணே ஒண்ணு. அந்த மூணு பக்கத்த நீங்களே நம்புறீங்களா? இல்லைன்னா வசதியச் சேர்த்துடுறேன். ஆமான்னா முன்மொழிவ மூடிடுறேன்."

முடிவு அ: 'இல்லை' என்கிறாள். வசதி ஏற்கப்படுகிறது. அக்கா சந்தோஷத்தில்—

முடிவு ஆ: 'ஆமாம்' என்கிறாள். அந்த நேர்மையை மெச்சி அவளையே முடிவெடுக்கும் குழுவில் சேர்த்துக்கொள்கிறார்கள். (தேன் சொட்டுகிறது. எழுதிய நானே நம்பவில்லை.)

எனக்கு அவள் ஜெயிக்க வேண்டும். பாவம், இத்தனை வருடத்தில் கேட்டதே ஒன்றுதான். அதனால் அவளுக்குப் பதிலாக நானே 'இல்லை' என்று அடித்தேன். அழித்துவிட்டாள். மறுபடி அடித்தேன். மறுபடியும் அழித்தாள். 'ஆமாம்' என்று அடிக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை, அழுகைதான் வருகிறது.

பதில் எழுதும் பெட்டி காலியாக இருக்கிறது. "சீக்கிரம்டி" என்கிறாள் அக்கா. நான் நாற்காலியை விட்டு எழுந்துகொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள், அடியுங்கள். அவள் அழிக்காத பதிலாக இருக்கட்டும்.