சிப்பிக்கு மேல் விழுந்த சாம்பல்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. கருப்பாயியின் முனியாண்டிக் கல் எப்படித் தப்பியது என்று சொல்கிறேன்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். பெக்கோக் ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட். கருப்பாயியின் புருஷன் வேலுவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். அன்றே அவள் ஓடைக்கரை முனியாண்டிக் கல்லில் சிவப்புத் துணியை முடிந்தாள். "அவரு வந்து அவுக்கிற வரைக்கும் நீதான்யா காவல்." வேறு பிடிப்பு அவளுக்கு இல்லை.

சாலைக்கு ஜல்லி உடைக்கக் கல் தேடி, கல்லைப் பற்றிப் படித்த ஒரு ஜப்பான் துவான், அதாவது துரை, வந்தார். கூடவே எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி கனகராஜ். துவான் சுத்தியலால் சாமிக் கல்லின் முனையைத் தட்டினார். கருப்பாயிக்கு உயிரே போயிற்று. தெறித்த இடத்தை நாக்கால் நனைத்து, பூதக்கண்ணாடி வைத்து உற்றுப் பார்த்தார் துவான்.

"அடியே, சாமியவே நக்குறான்டி! நம்ம அரிசியெல்லாம் தின்னும் பசி அடங்கலயா?" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லம்.

"வாய மூடுக்கா. முத்தம் குடுத்துக் கும்பிடுறாரு. முனியாண்டி ஆளுபோல!" என்றாள் கருப்பாயி.

ஓடிப்போய்த் துவான் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டாள். அறை விழப்போகிறதென்று கிராணி கண்ணை மூடிக்கொண்டார். துவான் நெற்றியைத் தொட்டு விரலை முகர்ந்தார்.

"அபு?" சாம்பலா என்று மலாயில் கேட்டார். கருப்பாயி தலையாட்டினாள். அவர் சிரித்துவிட்டார். கல்லைக் காட்டி, "இனி ஜுகா அபு" என்றார். இதுவும் சாம்பல்தானாம்.

துவான் அப்புறம் சொன்னதைக் கிராணி தமிழில் சொன்னார். "நிலமும் நிலமும் முட்டுன எடத்துல நெருப்பு மலை வெடிச்சுச்சாம். அந்தச் சாம்பல் கடல் சேத்துல விழுந்து இறுகிக் கல்லாச்சாம். உள்ள பாரு, சிப்பித் துண்டு. சிப்பி முந்தி, சாம்பல் பிந்தி. சிப்பிய வச்சுத்தான் கல்லோட வயசக் கண்டுபிடிக்கணுமாம்."

"எத்தன வயசாம், கிராணி ஐயா?"

"அப்ப மனுசனே பொறக்கலயாம் லா."

கருப்பாயி சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டாள். "அம்புட்டுக் காலம் கெடந்த கல்லு, எம் புருசன் வர்ற வரைக்கும் கெடக்கக் கூடாதான்னு கேளுங்க ஐயா."

கிராணி கேட்டார். துவான் துணியை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஓடைக்கு அக்கரைப் பாறையைக் காட்டினார். "அங்கே உடையுங்கள். வயசு சொல்லும் கல் இது, வேண்டாம்."

சண்டை ஓய்ந்து வேலு வந்தான், மூங்கில் குச்சி மாதிரி. மழையில் இறுகிய முடிச்சு அவன் விரலுக்கு மசியவில்லை. கருப்பாயி கை கொடுக்கவில்லை. "நீங்கதான் அவுக்கணும்." குனிந்து பல்லால் இழுத்தான்.

"அலமாக், இவரும் நக்க ஆரம்பிச்சிட்டாரா!" என்றாள் செல்லம். முடிச்சு அவிழ்ந்தது. கருப்பாயி சிரித்தபடியே அழுதாள்.

உங்கள் வீட்டிலும் யாருக்காக விளக்கு எரிகிறதோ, அவர் பத்திரமாக வாசல் வந்து சேரட்டும். அடுப்பு அணையாமல், பானை குறையாமல், கல்லைப்போல் நிலைத்திருங்கள், என் தங்கங்களே.