அண்ணன் கொடுத்த வசனம்

அந்த நாடகத்துக்கு எழுதி வைத்த வசனம் கிடையாது. காதலைப் பற்றிப் பார்வையாளர்கள் ஒரு வரி சொல்வார்கள். மேடையில் இருப்பவர்கள் அதை வைத்து அங்கேயே ஒரு காட்சியை நடிக்க வேண்டும். அன்று மாலை குழுவிலிருந்த ஒரு நர்ஸும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரும் மேடையேறினார்கள். கணவனை இழந்த நர்ஸ், ஒத்திகைக்குப் போய்வந்ததில் அவரிடம் மனதைப் பறிகொடுத்திருந்தாள். அது வீட்டுக்கும் அரசல்புரசலாகத் தெரிந்திருந்தது.

"யாராவது ஒரு வரி சொல்லுங்க," என்று அவள் கேட்டதும், முன்வரிசையிலிருந்து அவளுடைய அண்ணன் எழுந்தார்.

"கீழ இறங்குடி! இந்த வயசுல என்ன கூத்து இது? பாக்கிறவன் கைகொட்டிச் சிரிக்கிறான்."

அவள் சின்ன வயதிலிருந்தே அந்தக் குரலுக்கு அடங்கிப் பழகியவள். ஆனால் இன்று கோபம் பயத்தை முந்திக்கொண்டது.

"நல்ல வரிண்ணே. இதையே எடுத்துக்கறோம்," என்றவள், கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "எங்கண்ணன் இறங்கச் சொல்றார். இறங்கினா உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குவேன். உங்களுக்குச் சம்மதமா?"

அவர் அவள் பக்கம் குனிந்தார். "இது நாடகமா, நிஜமா?"

"பொய் சொல்ற அளவுக்கு எனக்கு நடிக்க வராதுங்க."

அவர் கையை நீட்டினார். இருவரும் படியிறங்கி, நேராக அண்ணன் முன்னால் போய் நின்றார்கள்.

"வழி விடுண்ணே."

அண்ணன் சுற்றிலும் பார்த்தார். அவர் பக்கம் பேச ஒருவரும் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கி நின்றார்.

கடைக்காரரோடு அரங்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவள் மறுபடியும் மேடையேறினாள். மீதிக் காட்சிகளையும் நடித்து முடித்த பிறகுதான் வீட்டுக்குப் போனாள்.