ஜெயராமன் பார்த்துச் சொன்னால் சரி

ஜெயராமன் ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் தரப் பரிசோதகர். தன் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணிகூட வாசலைத் தாண்டியதில்லை என்று தான் குடியிருக்கும் சேக்காடு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். இப்போது மனைவி சரசாவின் பெயரே மறந்துபோயிற்று. கையெழுத்து மட்டும் மறக்கவில்லை.

அவர் தம்பி கிருபாகரனுக்கு நாற்பத்திரண்டு வயது. தனியாகச் சாலை கடக்கத் தெரியாது. சட்டப்படி அண்ணன்தான் காப்பாளர். அண்ணனையே ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டதால், அந்த இடத்தில் தன்னைப் போடச் சொல்லி காப்பாளரை நியமிக்கும் மாவட்டக் குழுவுக்குச் சரசா மனுக் கொடுத்தாள்.

இன்னொரு கொழுந்தனின் மகன் அஸ்வின், தானே காப்பாளர் ஆகிறேன் என்று குறுக்கே வந்தான். வேலப்பன்சாவடியில் எட்டாவது மாடி, ஐடி வேலை. சித்தப்பா கிருபாகரனைக் கட்டிப்பிடித்துப் படமெடுத்து, 'இனி இவர் என் பொறுப்பு' என்று இணையத்தில் போட்டான். நானூறு பேர் கை தட்டியிருந்தார்கள். வைக்கப்போவது எட்டாவது மாடியில் அல்ல, செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு காப்பகத்தில் என்று எழுத அதில் இடம் போதவில்லை. சரசா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்து, காப்பாளர் பொறுப்பை விட்டுக்கொடுப்பதாகப் பெரியப்பா ஜெயராமனிடம் சம்மதக் கடிதமும் வாங்கிப்போய்விட்டான்.

விசாரணையில் அதிகாரி அந்தக் கடிதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கையெழுத்தில் ஒரு நடுக்கமில்லை. சரசா கொண்டுவந்த மருத்துவச் சான்றில் 'சிறிது ஞாபகக் குறைவு' என்றுதான் இருந்தது. கணவரின் மரியாதை கெடக்கூடாதென்று, லேசாக எழுதச் சொல்லி டாக்டரிடம் அவளே கெஞ்சி வாங்கியது.

"ஞாபகக் குறைவு எனக்குந்தாம்மா இருக்கு," என்றார் அதிகாரி.

"பெரியப்பா ரொம்ப ஷார்ப் சார். முழுசாப் படிச்சுட்டுத்தான் போட்டாரு," என்றான் அஸ்வின்.

கிருபாகரன் அண்ணனின் சட்டை நுனியைப் பிடித்தபடி நின்றான். சரசா பையிலிருந்து அவனுக்கு வாங்கிய மசால்வடைப் பொட்டலத்தை எடுத்தாள். வடைகளைக் கைக்குட்டையில் கொட்டிவிட்டு, எண்ணெய் ஊறிய காகிதத்தை மேசையில் விரித்தாள். ஏதோ பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள். அதைக் கணவர் பக்கம் நகர்த்தினாள்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

ஜெயராமன் கண்ணாடியை மாட்டினார். வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, கீழே அதே கையெழுத்தைப் போட்டார்.

குமாஸ்தா நடேசன்தான் முதலில் சிரித்தான். "இன்னா சார், வடைக்கும் பாஸ் போட்டுட்டாரு."

அறையே சிரித்தது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துக் கிருபாகரனும் கை தட்டினான். அஸ்வினுக்குத் திடீரென்று செல்போனில் அவசர வேலை வந்துவிட்டது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. சம்மதக் கடிதத்தின் குறுக்கே கோடு போட்டுவிட்டு, சரசாவின் மனுவை எடுத்து, காப்பாளர் என்ற இடத்தைக் காட்டினார்.

சிரிப்பைப் பாராட்டாக எடுத்துக்கொண்ட ஜெயராமன், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சரசாவைப் பார்த்தார்.

"அடுத்தது கொண்டாம்மா."

கல்யாணமான முப்பத்தெட்டு வருடத்தில் அவரைப் பார்த்து நாலு பேர் சிரிக்க அவள் விட்டதில்லை. காட்டிய இடத்தில் பெயரை எழுதினாள். அவர் பக்கம் மட்டும் திரும்பவில்லை.